நாய்க்குட்டிக்குத் தனியாக இருக்கக் கற்றுக்கொடுப்போம்

சென்ற ஆண்டு ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம். உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அன்றைய தலைப்பு செல்லப்பிராணி வளர்ப்பு. எப்போதும் மடமடவென்று பேசும் ஒரு மாணவி இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டாள். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டீச்சர், எங்க நாய்க்குட்டிய இந்த வாரக் கடைசியில திருப்பிக் கொடுக்கப் போறோம். நாங்க வீட்டுல இல்லாதப்ப ரொம்பக் கத்துதாம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ரெண்டு தடவ சொல்லிட்டாங்க. அப்பா முடிவு பண்ணிட்டாரு."

விசாரித்தபோது நடந்தது புரிந்தது. ஜூன் முதல் வாரத்தில், ஒன்பது வாரக் குட்டியாக அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். விடுமுறை முழுவதும் அக்காளும் தம்பியும் மாறி மாறித் தூக்கி வைத்திருந்தார்கள். அது மடியிலேயே தூங்கியது. பள்ளி திறந்த திங்கட்கிழமை, காலை 7 மணிக்கு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். திரும்பியபோது மணி 3.30. அந்த எட்டரை மணி நேரமும் குட்டி தனியாக இருந்தது.

அந்தக் குடும்பத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நான்கு வாரம் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாமல் வைத்திருந்துவிட்டு, ஐந்தாவது வாரம் எட்டரை மணி நேரம் விட்டிருக்கிறார்கள். ஆசிரியர்களுக்குப் புரியும்படி சொன்னால், நடத்தாத பாடத்தில் தேர்வு வைத்துவிட்டு, குட்டி தோற்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். தனியாக இருப்பதும் ஒரு பாடம்தான். அதைக் கற்றுக்கொடுக்க முடியும். எப்படி என்பதைத்தான் இக்கட்டுரை விளக்குகிறது.

குட்டி ஏன் அழுகிறது?

நாய்க்குட்டி பிறக்கும்போது அதற்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. கண் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை அதன் உலகம் தாயின் சூடும் உடன்பிறந்த குட்டிகளின் சூடும்தான். எட்டு வாரத்துக்குப் பிறகு புது வீட்டுக்கு வரும்வரை பெரும்பாலான குட்டிகள் தனியாகத் தூங்கியதே இல்லை. தாயைப் பிரிந்த குட்டிக்குத் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. அது செய்யக்கூடிய ஒரே வேலை, சத்தம் போட்டுத் தாயை வரவழைப்பது. நம் வீட்டில் அது எழுப்பும் குரலும் அதே அழைப்புத்தான். அதைப் பிடிவாதம் என்றோ, பழிவாங்கல் என்றோ எண்ணுவது தவறு.

யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரித்து வைக்கப்பட்ட நாய்க்குட்டிகளுக்கு ஓபியம் வகை மருந்தை மிகச் சிறிய அளவில் கொடுத்தபோது அவற்றின் அழுகை குறைந்தது என்று அவர்கள் கண்டார்கள். வலியைத் தணிக்கும் வேதிப்பொருள் பிரிவின் துயரத்தையும் தணித்திருக்கிறது. ஆகவே, "சும்மா நடிக்குது" என்று சொல்வதற்கு முன் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு செய்தி நமக்கு நம்பிக்கை தரும். ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டார்கள். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம்வரை உள்ள காலம், யாரோடு பழகுவது, எது இயல்பானது என்று குட்டி பதியவைத்துக்கொள்ளும் காலம் என்று அவர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகும் நாயால் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களிலேயே தொடங்கினால் நமக்கும் அதற்கும் வேலை சுலபம்.

"கத்துது" என்ற ஒரு சொல் போதாது

மாணவர்கள் எல்லாவற்றுக்கும் "நாய் கத்துது" என்றே சொல்கிறார்கள். தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. மொழிப்பாடத்துக்கு மட்டுமல்ல, குட்டியைப் புரிந்துகொள்ளவும் அவை உதவும். வெளியே போகும்போது பழைய கைப்பேசி ஒன்றில் ஒலியைப் பதிவு செய்துவிட்டுப் போய், பிறகு கேட்டுப் பாருங்கள்.

முனகல்: மெல்லிய குரல். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். இடம் மாறிப் படுக்கும்போதுகூட வரும். இதற்கு ஓடிப்போக வேண்டியதில்லை.

சிணுங்கல்: விட்டு விட்டு வரும், கொஞ்சம் உயர்ந்த குரல். பசியா, சிறுநீர் கழிக்க வேண்டுமா, சூடாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குரைத்தல்: லிஃப்ட் கதவுச் சத்தம், தாழ்வாரத்தில் காலடி ஓசை, பொட்டலம் கொண்டுவருபவர் என்று ஏதாவது ஒன்றுக்குப் பதிலாக வரும். இது தனிமை சார்ந்தது என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது.

ஊளை: நீண்டு இழுக்கும் குரல். தொலைவில் உள்ளவர்களைக் கூப்பிடும் குரல். நாம் போன சில நிமிடங்களில் தொடங்கினால், குட்டி நம்மைத் தேடுகிறது என்று பொருள்.

அலறல்: மூச்சு வாங்காமல், குரல் உடையும் அளவுக்கு வருவது. இது பயம். இந்த நிலைக்குக் குட்டி போகவே கூடாது. போய்விட்டால், நாம் கொடுத்த நேரம் அதன் சக்திக்கு மீறியது.

முதல் மூன்றும் நம்மைத் திட்டத்திலிருந்து திருப்ப வேண்டியதில்லை. கடைசி இரண்டும் கேட்டால் திட்டத்தை மாற்ற வேண்டும்.

இடத்தைத் தயார் செய்தல்

வீவக வீட்டில் பலரும் செய்யும் தவறு, குட்டியின் படுக்கையை வாசல் பக்கம் வைப்பது. தாழ்வாரத்தில் போகிற வருகிற ஒவ்வொரு காலடியும் அதற்குக் கேட்கும். வாசலிலிருந்து தள்ளி, காற்றோட்டமான ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். மடக்கும் வேலி ஒன்றைப் போட்டால் போதும். உள்ளே படுக்கை, தண்ணீர், ஒரு மூலையில் சிறுநீர் உறிஞ்சும் விரிப்பு. மின்கம்பிகள் வாய்க்கு எட்டக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கட்டும்.

அந்த இடத்தைத் தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள். சாப்பாடு, விளையாட்டுப் பொருள், பகல் தூக்கம் எல்லாம் அங்கேயே நடக்கட்டும். வேலிக் கதவு முதல் சில நாள்கள் திறந்தே இருக்கட்டும். குட்டி தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு மூடலாம். இரவில் முதல் ஒன்றிரண்டு வாரம் படுக்கையை உங்கள் அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தலாம். இரவில் நன்றாகத் தூங்கிய குட்டிதான் பகலில் பாடம் கற்கும்.

படிப்படியாகப் பழக்குதல்

முதல் படி, வீட்டுக்குள்ளேயே பிரிவு. நீங்கள் வீட்டில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். குட்டி வேலிக்குள் இருக்கட்டும். நீங்கள் கழிப்பறைக்கோ சமையலறைக்கோ போய் ஐந்து விநாடியில் வந்துவிடுங்கள். அடுத்து 10 விநாடி, மீண்டும் 5, பிறகு 20, 10, 30. நேரம் கூடிக்கொண்டே போகக் கூடாது. கூடியும் குறைந்தும் வர வேண்டும். கூடிக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கடினம் என்றுதான் குட்டி கற்றுக்கொள்ளும். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நிமிடப் பயிற்சி போதும்.

இரண்டாம் படி, அறிகுறிகளை மறக்கச் செய்தல். சாவிக் கொத்துச் சத்தம், காலணி, புத்தகப்பை இவற்றைக் கண்டதுமே சில குட்டிகளுக்குப் பதற்றம் வந்துவிடும். இவற்றுக்குப் பின்னால் பிரிவு வரும் என்று அவை கற்றுவிட்டன. அதனால் சாவியை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்காருங்கள். காலணி போட்டுக்கொண்டு தட்டுகளைக் கழுவுங்கள். பையை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சி பாருங்கள். சில நாள்களில் இந்த அறிகுறிகளுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

மூன்றாம் படி, வாசலைத் தாண்டுதல். வாசல் கதவைத் திறந்து மூடுங்கள், ஆனால் போகாதீர்கள். பிறகு வெளியே போய் 10 விநாடியில் வாருங்கள். குட்டி அமைதியாக இருந்தால் 1 நிமிடம், 3 நிமிடம், 2, 5, 1, 8 என்று நகருங்கள். முதல் 30, 40 நிமிடம்தான் மிகக் கடினம். அதைக் கடந்துவிட்டால் பிறகு கால் மணி, அரை மணி என்று கூட்டலாம்.

நான்காம் படி, நேரம் பார்த்துக் கிளம்புதல். சாப்பிட்டு, விளையாடி, சிறுநீர் கழித்த குட்டிக்குத் தூக்கம் வரும். சின்னக் குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். அந்தத் தூக்கத்தில்தான் நீங்கள் கிளம்ப வேண்டும். தீனி அடைத்த ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அது தனியாக இருக்கும்போது மட்டும் கிடைக்கட்டும். நீங்கள் போன பிறகு குட்டி அதைத் தொடவே இல்லை என்றால், அதற்குப் பசி இல்லை என்று நினைக்காதீர்கள். பயந்த குட்டி சாப்பிடாது. நேரத்தைக் குறையுங்கள்.

கிளம்பும்போதும் திரும்பும்போதும் பெரிய நாடகம் வேண்டாம். "போயிட்டு வரேன்" என்று ஒரே ஒரு முறை சாதாரணமாகச் சொன்னால் போதும். வந்ததும் பையை வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, பிறகு கொஞ்சுங்கள்.

எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, எத்தனை நிமிடம், என்ன குரல் கேட்டது. ஒரு நாள் குட்டி தோற்றால் வருத்தப்பட வேண்டாம். கடைசியாக அமைதியாக இருந்த நேரத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து தொடருங்கள். வகுப்பில் பின்தங்கும் மாணவனுக்கு நாம் செய்வதும் அதுதானே!

நேரக் கணக்கும் குடும்பத்தின் பங்கும்

குட்டி சிறுநீரை அடக்கும் நேரத்துக்கு ஒரு தோராயமான கணக்கு உண்டு. எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு ஏறக்குறைய 2 மணி நேரம், மூன்று மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். பயத்தை வென்ற குட்டிக்கும் இதற்கு மேல் விட்டால் உடல் ஒத்துழைக்காது. எட்டரை மணி நேரம் என்பது வளர்ந்த நாய்க்கே நீண்ட நேரம்.

அடுத்த விதி இதைவிட முக்கியம். பயிற்சி நடக்கும் வாரங்களில், குட்டியால் தாங்க முடிந்த நேரத்துக்கு மேல் அதைத் தனியாக விடக் கூடாது. மாலையில் ஐந்து நிமிடம் பழக்கிவிட்டு, காலையில் ஐந்து மணி நேரம் விட்டால் மாலைப் பாடம் வீணாகிவிடும். அதனால் பயிற்சி அட்டவணையோடு "யார் எப்போது வீட்டில்?" என்ற குடும்ப அட்டவணையும் வேண்டும். தாத்தா, பாட்டி, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள், இணைப்பாட நடவடிக்கை இல்லாத நாள், நாய் வளர்க்கும் நண்பர் என்று எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க வேண்டும். தடுப்பூசிகள் முழுமையாகப் போடாத குட்டியை வெளியே எடுத்துச் செல்வதாக இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்டை வீட்டாரிடமும் பேச வேண்டும். பேசாமல் இருந்தால் அவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும். "பழக்கிக்கிட்டு இருக்கோம் ஆன்ட்டி, கொஞ்சம் பொறுத்துக்குங்க. நாங்க இல்லாதப்ப சத்தம் கேட்டா ஒரு மெசேஜ் போடுங்க" என்று சொன்னால், நமக்கு உதவி செய்ய ஒருவர் கிடைப்பார்.

செய்யக் கூடாதவை

"அழுது ஓய்ஞ்சா சரியாயிடும்" என்று விட்டுவிடுவது. குட்டி ஓய்ந்துபோகும், உண்மைதான். ஆனால் களைத்துப்போய் அடங்குவதும் அமைதியாக இருக்கக் கற்பதும் ஒன்றல்ல. பயத்தோடு கழித்த ஒவ்வொரு மணி நேரமும் அடுத்த முறை பயத்தை இன்னும் சீக்கிரம் கொண்டுவரலாம்.

திரும்பி வந்ததும் திட்டுவது. கடித்த செருப்பைக் காட்டித் திட்டினால் குட்டி தலை குனியும், காதை மடக்கும். "பாரு, தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது" என்போம். நியூயார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. அந்தக் குற்ற உணர்வு முகம், நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டியபோதுதான் அதிகம் வந்தது. அதாவது, நம் கோபத்துக்குப் பயந்து வருகிற முகம் அது. திட்டினால், நாம் திரும்பி வருவதும் குட்டிக்குப் பயமாகிவிடும்.

துணைக்கு இன்னொரு நாய் வாங்குவது. வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட வகையைச் சேர்ந்த ஒரே ஒரு நாயைத்தான் வளர்க்கலாம். விதி இடம் தரும் வீடுகளிலும் இது உறுதியான தீர்வு அல்ல. பல குட்டிகள் தேடுவது மனிதரைத்தான்.

கையில் கிடைத்ததைத் தின்னக் கொடுத்துவிட்டுப் போவது. சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு நஞ்சு. சில வேர்க்கடலைப் பசைகளில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பும் ஆபத்தானது. பொம்மைக்குள் எதை அடைத்தாலும் புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அடையுங்கள்.

பல வாரம் பழக்கியும் குட்டி எச்சில் வடியப் பதறுகிறது, வேலியைக் கடித்துக் காயப்படுத்திக்கொள்கிறது, ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். உடல்நோய் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். தேவைப்பட்டால் நடத்தைப் பயிற்றுநரிடம் அனுப்புவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த வீட்டில் என்ன நடந்தது?

மாணவியிடம் இந்தப் படிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைத் தன் அப்பாவிடம் காட்டி, "ரெண்டே ரெண்டு வாரம் குடுங்கப்பா" என்று கேட்டிருக்கிறாள். அவர் ஒத்துக்கொண்டார். வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்த அம்மா அந்த இரண்டு வாரமும் காலை நேரத்தில் வீட்டில் இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் பாட்டி வந்தார். நோட்டு எழுதும் வேலை தம்பிக்கு.

இரண்டு வார முடிவில் குட்டி 12 நிமிடம் அமைதியாக இருந்தது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் நோட்டில் அது ஒவ்வொரு நாளும் ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டு, அப்பா திருப்பிக் கொடுக்கும் பேச்சை நிறுத்திவிட்டார். செப்டம்பர் விடுமுறைக்குள் இரண்டரை மணி நேரம் தாங்கியது. இடி மழை பெய்த ஒரு நாள் மட்டும் மறுபடி ஊளையிட்டது. அன்று பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் மெசேஜ் போட்டார். மறுநாள் பத்து நிமிடத்திலிருந்து மீண்டும் தொடங்கினார்கள்.

அப்பா இப்போது அலுவலகத்திலிருந்து கைப்பேசியில் வீட்டுக் கேமராவைப் பார்க்கிறாராம். "நல்லா மல்லாந்து தூங்குது. நம்மளத் தேடவே இல்ல" என்று கொஞ்சம் குறைபட்டுக்கொண்டாராம். மாணவி அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தக் குறையைக் கேட்கத்தான் நாம் இவ்வளவு பாடுபட்டோம்!

தேர்வு மாணவர்களுக்கு

காணொளி உரையாடலிலும் கட்டுரையிலும் செல்லப்பிராணி பற்றிப் பேச நேர்ந்தால், "பிராணிகளிடம் அன்பு காட்ட வேண்டும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அன்பை எந்தச் செயலில் காட்டுவது என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள். மேலே உள்ள ஏதாவது ஒரு படியே போதும். மூன்று மாதம் நிறைந்த நாய்க்கு உரிமம் பெற வேண்டும் என்பது போன்ற நம் நாட்டு விதியைச் சேர்த்தால் கருத்து வலுப்பெறும்.

பயன்படும் சொற்கள்: தனித்திருத்தல் (தனியாக இருக்கும் நிலை), தனிமையுணர்வு (தனியாக இருப்பதால் வரும் துயரம்), பதற்றம், படிப்படியாக, பொறுப்புணர்வு, அண்டை வீட்டார், உரிமம், கைவிடுதல். முதல் இரண்டு சொற்களின் வேறுபாட்டைக் கவனியுங்கள். குட்டிக்கு நாம் முதலாவதைக் கற்றுக்கொடுக்கிறோம். அப்போதுதான் இரண்டாவது வராது.

பயன்படும் பழமொழிகள்: "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்", "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்". இரண்டாவதில் வரும் அடி, தொடர்ந்த முயற்சியைக் குறிக்கிறது. நாயை அடிப்பதற்கு அதை மேற்கோள் காட்டிவிடாதீர்கள்!

கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. நாய்க்குட்டி வாங்குவதற்கு முன் ஒரு குடும்பம் எவற்றைப் பற்றிப் பேசி முடிவெடுக்க வேண்டும்? ஏன்?

2. அண்டை வீட்டு நாய் பகலெல்லாம் ஊளையிடுகிறது. நீ என்ன செய்வாய்? புகார் செய்வதற்கு முன் வேறு வழி உண்டா?

3. "செல்லப்பிராணி வளர்ப்பது பிள்ளைகளுக்குப் பொறுமையைக் கற்பிக்கும்." உன் கருத்து என்ன?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நவம்பரில் நீண்ட விடுமுறை வருகிறது. பல வீடுகளுக்குப் புதுக் குட்டிகளும் வரும். விடுமுறைக்கு முன் ஒரு பாடவேளையில் இதை மாணவர்களோடு பேசிவிடுங்கள். விடுமுறையின் முதல் வாரத்திலேயே ஐந்து விநாடியில் தொடங்கினால், ஜனவரியில் பள்ளி திறக்கும்போது அந்தக் குட்டி தேர்வுக்குத் தயாராக இருக்கும்.